அன்னா நேர்ந்த மாதிரி

கொட்டாஞ்சேனையில் நேசத்தம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீன்காரர் முதல் கோயில் பங்குச் சபைத் தலைவர் வரை எல்லாருக்கும் அவர் 'சாமியின்ரை அம்மா'. மகன் நோபேட் குருப்பட்டம் பெற்ற 1966ஆம் ஆண்டில் வந்த பெயர் அது. கலியாணமான புதிதில் அதே ஒழுங்கையில் அவருக்கு இருந்த பெயர் 'மலடி'. இந்த இரண்டுக்கும் இடையில் வெறும் நேசமாக இருக்க அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை.

முகத்துவாரத்தில் 1914இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த கொன்ஸ்ரன்ரைனுக்கு வாழ்க்கைப்பட்டார். ஆறு வருடத்தில் வயிற்றில் வந்த மூன்றும் தங்கவில்லை. மாமியார் வீட்டில் அவருக்குச் சோறு போடும்போது அகப்பை சட்டியில் தட்டும் சத்தமே ஒரு ஏச்சுப் போல இருக்கும்.

1939ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சுவாமி, உடைந்த தமிழில் அன்னாவின் கதையைப் பிரசங்கம் வைத்தார். பிள்ளையில்லாத அன்னா ஆலயத்தில் அழுதாள், ஆண்பிள்ளை தந்தால் அவனை உமக்கே திருப்பித் தருவேன் என்று நேர்ந்தாள், சாமுவேல் பிறந்தான், பால் மறந்ததும் கொண்டுபோய் ஏலி குருவிடம் விட்டாள். கோயிலில் இருந்தவர்கள் அதை ஒரு நல்ல கதை என்று கேட்டார்கள். நேசம் அதை வைத்தியர் சொன்ன மருந்தைக் கேட்பது போலக் கேட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், அன்னா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். அந்தக் காலத்தில் கத்தோலிக்க வீடுகளில் வேதாகமம் இருப்பது அருமை. காதால் கேட்டதுதான் வேதம்.

1940 மே மாதம் நோபேட் பிறந்தான்.

நேர்த்தி என்றால் நேர்த்தி. மூன்று வயதில் பிள்ளைக்கு அந்தோனியாரின் மண்ணிற உடுப்புப் போட்டுத் திருநாளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதின்மூன்று வயதில் குருமடத்துக்கு அனுப்பப் பெட்டி கட்டினார். பையன் அழவில்லை. அழுதிருந்தால் நல்லது என்று கொன்ஸ்ரன்ரைன் நினைத்தார்.

"அவனை ஒரு வார்த்தை கேட்டியோ, நேசம்?"

"சாமுவேலை ஆர் கேட்டது?"

"அது வேதத்திலை வாற பிள்ளை. இது கொட்டாஞ்சேனையிலை இருக்கிற பிள்ளை."

"கடவுள் ரெண்டு ஊருக்கும் ஒண்டுதான்."

அன்னா வருடா வருடம் சாமுவேலுக்கு ஒரு சின்ன அங்கி தைத்துக்கொண்டு போனாள் என்றும் வேதத்தில் இருந்தது. ஆகவே நேசமும் வருடா வருடம் புறக்கோட்டையில் வெள்ளைத் துணி வாங்கி, தன் மெசினில் தைத்து, கண்டி ரயிலில் கொண்டுபோனார். குருமடத்தில் தையற்காரர் இருக்கிறார், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்று அதிபர் சொல்லிப் பார்த்தார். "அன்னா கொண்டுபோனவ, சுவாமி" என்றார் நேசம். அளவு ஒருபோதும் சரியாக வந்ததில்லை. வளரும் பிள்ளையை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற தாய்க்கு அளவு எப்படித் தெரியும்? கையில் குட்டையாக நின்ற அங்கியோடு நோபேட் மற்றப் பையன்களின் சிரிப்புக்கு நடுவே படித்து முடித்தான். தகப்பன் 1961இல் மாரடைப்பில் போய்விட்டார். பட்டத்துக்கு இருக்கவில்லை.

பட்டத்துக்குப் பின் நோபேட் சுவாமியை வேதாகமம் படிக்க ரோமுக்கு அனுப்பினார்கள். 1970இல் திரும்பி வந்து குருமடத்திலேயே படிப்பித்தார். 1972ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், அவருடைய சொந்தப் பங்கிலேயே சனிக்கிழமை மாலைகளில் வேதாகம வகுப்பு நடத்தச் சொன்னார்கள். 1971 என்று சொல்பவர்கள் உண்டு, அது பிழை. ரோமில் கூடின பொதுச்சங்கத்துக்குப் பிறகு வேதத்தை எல்லாரும் கையில் எடுக்கலாம் என்று வந்திருந்த காலம். மண்டபம் நிறைந்தது. முன்வரிசை நடுக் கதிரை சாமியின் அம்மாவுக்கு.

முதல் இரண்டு கிழமையும் சிரிப்பும் சண்டையுமாகப் போயிற்று. யோனாவை மீன் விழுங்கியது, பாடம் சொல்ல எழுதின கதை என்று சுவாமி சொன்னதும், முகத்துவாரத்துப் படகுக்காரர் ஹியூபேட் எழும்பினார்.

"ஃபாதர், நான் முப்பது வருஷம் கடலிலை. ஆளை விழுங்கிற மீனை என்ரை கண்ணாலை கண்டிருக்கிறன்."

"ஓம், நீ கண்ட மீன் ஒவ்வொரு கிழமையும் ஒரு முழம் வளருது" என்று பின்னால் ஒரு குரல்.

மூன்றாம் கிழமை ஆபிரகாம். சுங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவரும் பங்குச் சபைத் தலைவருமான செபஸ்தியன், கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஃபாதர், சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. ஆபிரகாம் ஈசாக்கைக் கட்டினது நடந்ததோ, நடக்கேல்லையோ?"

"நடந்ததோ எண்டு எனக்குத் தெரியாது, அங்கிள். அந்தக் காலத்திலை பக்கத்துச் சனங்கள் பிள்ளையளைப் பலி குடுத்தவை. எங்கடை கடவுள் பிள்ளையைக் கேக்கிறவர் இல்லை எண்டு சொல்லத்தான் இந்தக் கதை. அது விளங்கினால் காணும்."

"கடவுள் கேட்டார் எண்டு எழுதிக் கிடக்குது. நீங்கள் கேக்கேல்லை எண்டிறியள்."

"கத்தியை ஓங்கின கை நிண்டது எண்டும் எழுதிக் கிடக்குதே."

மண்டபத்தில் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் முன்வரிசையில் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அப்ப சாமுவேல்?"

சுவாமி தாயைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது. "அதை வீட்டிலை கதைப்பம், அம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நேசம் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, மகன் சாப்பிட வந்தார். நேசம் நண்டுக் கறி வைத்திருந்தார். பட்டம் பெற்ற நாளில் இருந்து மகனை அவர் 'சாமி' என்றும் 'நீங்கள்' என்றும்தான் பேசுவது. அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார்.

"சாமுவேலின்ரை கதையும் பொய்யோ, சாமி?"

"பொய் எண்டு நான் சொல்லேல்லை. கனகாலம் பிந்தி எழுதினது. அது எங்களுக்குச் சட்டம் இல்லை." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "அம்மா, எனக்கு இந்த அங்கி வேண்டாம். போகப்போறன்."

நேசத்துக்கு முதலில் வந்த கேள்வி எல்லாத் தாய்மாருக்கும் வருவதுதான். "ஆரவள்?"

"ஒருத்தியும் இல்லை. பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுக்கொண்டு, எனக்கெண்டு ஒரு வீட்டிலை இருக்க வேணும். அவ்வளவுதான். ரோமுக்கு எழுதிக் கேட்டால் விடுவினம். ஆனால் நீங்கள் விடாமல் நான் போனால், நேர்த்தி தவறிப்போச்சு, நரகம்தான் எண்டு பயந்து பயந்து சாவியள். அதை என்னாலை செய்யேலாது. நீங்கள் நேர்ந்தனீங்கள், நீங்களே வாயாலை விடுங்கோ."

வேதத்தில் உள்ளதை எல்லாம் கதை என்று சொன்ன மகன், தாயின் வாயிலிருந்து வந்ததை மட்டும் எழுத்துக்கு எழுத்து எடுத்திருந்தார்.

"ஆபிரகாமின்ரை கையைப் பிடிக்கத் தேவதூதன் வந்தவர்" என்றார் நேசம். "என்னட்டை ஒருத்தரும் வரேல்லையே."

"நான் வந்திருக்கிறன், அம்மா."

"நீ விறகுக்கு மேலை கிடக்கிற பிள்ளையடா. பிள்ளை கேட்டு ஆபிரகாம் நிப்பாட்டேல்லை."

'நீ', 'அடா' என்று வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. நோபேட் எழுந்து கை கழுவினார். "பெனடிக்ற் சுவாமியிட்டைப் போய்க் கேளுங்கோ. அவர் சொல்லுவார். என்னை நம்பாட்டி அவரை நம்புங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பங்குக் குரு பெனடிக்ற் சுவாமி பழைய காலத்து ஆள். புதுப் படிப்புகள் பிடிக்காதவர். அதனால்தான் நேசம் துணிந்து போனார். செவ்வாய்க்கிழமை காலை, பங்குமனையில் சுவாமி பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேசம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சுவாமி ஆச்சரியப்படவில்லை.

"ஒருத்தர் நேர்ந்து இன்னொருத்தரைக் கட்டேலாது, பிள்ளை. தாயெண்டாலும்தான். அவன் பட்டத்திலை குடுத்த வாக்கு அவன்ரை. அது அவனுக்கும் ரோமுக்கும் உள்ள விஷயம். உன்ரை நேர்த்தி உன்னை மட்டும்தான் கட்டும். அதையும் நான் மாத்திவிடலாம். ஒரு செபமாலை சொல்லு, ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடு. முடிஞ்சுது."

"முந்தியும் இப்பிடித்தானோ, சுவாமி? சங்கத்துக்கு முந்தியும்?"

"எப்பவும் இப்பிடித்தான்."

"அப்ப அவனுக்குப் பத்து வயசிலை வந்து கேட்டிருந்தால்?"

"அப்பவும் இதைத்தான் சொல்லியிருப்பன். நீ கேக்கேல்லை. ஆசையா அனுப்புறாய் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்." சுவாமி பாணை மீண்டும் பருப்பில் தோய்த்தார்.

நேசம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஒழுங்கையில் எதிர்ப்பட்டவர்கள், "சாமியின்ரை அம்மா, காலமையிலையே எங்கை போட்டு வாறியள்?" என்று கேட்டார்கள். கொன்ஸ்ரன்ரைன் கடைசி வருடங்களில் மகனின் பெயரைச் சொல்லாமலே இருந்து செத்ததும், கண்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போன அங்கிகளும், விடுமுறைக்கு வந்த பையன் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரிக் கதிரை நுனியில் இருந்ததும், எல்லாம் ஒரு செபமாலைக்கும் ஒரு சாப்பாட்டுக்கும் மாற்றிவிடக்கூடியவையாம். அப்படியென்றால் இவ்வளவு காலமும் அவர் செய்தது என்ன? கடவுள் கேட்டார், கொடுத்தேன் என்று சொல்லத்தான் அவருக்குத் தெரியும். கடவுள் கேட்கவில்லை என்றால், ஒரு பிள்ளையை அவன் வீட்டில் இருந்து பிடுங்கியது யார்?

அந்தக் கேள்வியோடு வாழ்வதைவிட மகனை அங்கியோடு வைத்திருப்பது இலேசாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நோபேட் வந்து மேசையில் இருந்தார். நேசம் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "சுவாமியைக் கேட்டனான். மாத்தேலாதாம்."

நோபேட்டுக்குத் திருச்சபைச் சட்டம் தண்ணீர் பட்ட பாடு. பெனடிக்ற் சுவாமி என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினார். தாயின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அதில் பயம் இல்லை என்பதையும் கண்டார்.

"அப்பிடியோ" என்றார். தட்டில் இருந்ததை மிச்சம் விடாமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

செபஸ்தியனும் இன்னும் சிலரும் மேலிடத்துக்குப் போய் முறையிட்டதில் வகுப்பு உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே நின்றுவிட்டது. அடுத்த வருடம் நோபேட் சுவாமியைக் குருமடத்தில் இருந்து எடுத்து வத்தளைப் பக்கம் ஒரு பங்குக்குப் போட்டார்கள். அங்கே அவர் சனங்களுக்கு வேண்டியதைக் கொடுத்தார். ஆதாமின் விலா எலும்பு, நோவாவின் பேழை, யோனாவின் மீன் எல்லாமே எழுதினபடியே நடந்தன. சுவாமி அதைச் சொல்லும்போது, ரயில் நிலையத்தில் வண்டி வரும் மேடையை அறிவிக்கிறவரின் குரல் போல இருக்கும். ஒருவரும் குறை சொல்லவில்லை. "இப்பதான் எங்கடை சாமி சாமி மாதிரி" என்று செபஸ்தியன் வத்தளைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து நேசத்திடம் மகிழ்ச்சியோடு சொன்னார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நேசத்தின் வீடு எரியாமல் தப்பியபோதும், பக்கத்தில் வீடுகளை இழந்த சனங்களே, சாமியைப் பெற்ற வீடு எரியுமா என்றார்கள். நேசம் தலை குனிந்தபடி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

1991ஆம் ஆண்டு தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு, நேசத்தை ஒரு முச்சக்கர வண்டியில் வத்தளைக்குக் கூட்டிப்போனார்கள். அன்றைய வாசகம் ஆபிரகாம். நேசத்துக்கு எழுபத்தேழு வயது நடந்துகொண்டிருந்தது. கண் மங்கல், காது கூர்மை.

"கடவுள் கேட்டார். ஆபிரகாம் குடுத்தார். இது எழுதினபடியே நடந்தது" என்று பீடத்தில் இருந்து மகன் சொன்னார். சனம் தலையாட்டியது.

பூசை முடிந்து பங்குமனையில் இருவரும் சாப்பிட இருந்தார்கள்.

"நோபேட், நான் விடுறன்" என்றார் நேசம். "நீ போ."

மேசையை விட்டு எழுந்து போகச் சொல்கிறார் என்று நோபேட் முதலில் நினைத்தார். பிறகு விளங்கியது. கரண்டியை வைத்தார்.

"எங்கை, அம்மா? அம்பது வயசு. இனி எந்தப் பள்ளிக்கூடத்திலை எடுக்கப்போறாங்கள்?"

"நீ இண்டைக்குச் சொன்னதிலை உனக்கு நம்பிக்கை இல்லை."

"சனத்துக்கு இருக்குது. காணும்."

"எனக்கு இல்லை."

நோபேட் தாயைப் பார்த்தார். "எப்ப துவக்கம்?"

"பெனடிக்ற் சுவாமி ஒரு செபமாலை சொல்லு, நேர்த்தி முடிஞ்சுதெண்டு சொன்ன நாள் துவக்கம்."

"அவர் அதைத்தான் சொல்லியிருப்பார் எண்டு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும் எண்டும் எனக்குத் தெரியும்."

வெளியே ஞானஸ்நானத்துக்கு வந்த ஆட்களின் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. கோயில் வேலை பார்க்கும் மனிசன் வாசலில் வந்து, "ஃபாதர், ஆக்கள் வந்திட்டினம்" என்றான்.

"வாறன்." நோபேட் எழும்பாமல் இருந்தார். "அந்தச் செபமாலையைச் சொன்னனீங்களோ, அம்மா?"

"இல்லை" என்றார் நேசம். "சொன்னால் நீ போயிடுவாய்."

நோபேட் எழுந்து கையைக் கழுவினார். கொளுவியில் கிடந்த அங்கியை எடுத்துப் போட்டு, பொத்தான்களை மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாகப் பூட்டினார். பிறகு வெளியே, அழுத பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த தாயிடம் போனார்.