இறக்கைக்கு வாங்கிய பலகை

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குடிநீர் வரும் நாள். இரண்டு டிரம்மும் ஐந்து குடமும் நிறைய நாற்பது நிமிடம் ஆனது. ஆறேகாலுக்குக் காபி. பிறகு, நான்கு மாதமாகச் செய்துவருவதுபோல, ஹாலில் கிடந்த பலகையில் ஈரமானியை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினேன்: 12 சதவீதம். மூன்று வாரமாக அதே எண். மரம் நிலைக்கு வந்துவிட்டது. அறுக்கலாம்.

பலகையின் நீளம் 5,190 மில்லிமீட்டர். வாசல் கதவில் தொடங்கிச் சமையலறைக்குள் தலையை நீட்டிக்கொண்டு கிடந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தாண்டும்போதெல்லாம், "தண்டவாளம் போட்டாச்சு, ரயிலு எப்ப அம்மணி வரும்?" என்பார்.

ரயில் இல்லை, விமானம். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய மர விமானம். வரைபடத்தை விலைக்கு வாங்கி நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக அளவு பார்ப்பதுதான் என் வேலை. ஏன் விமானம் என்று கேட்பவர்களிடம் சொல்லப் பெரிய காரணம் ஏதுமில்லை. பறக்கிற ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. கட்டிப் பார்க்காமல் அது தெரியாது.

இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் உத்திரம்தான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதற்கு 3,960 மில்லிமீட்டரில் ஒரு துண்டும், 1,220 மில்லிமீட்டரில் ஒரு துண்டும் வேண்டும். கணு இருக்கக் கூடாது. நார் நேராக ஓட வேண்டும். உக்கடம் பக்கத்து மரக்கடைகளில் பதினான்கு மாதம் அலைந்து அறுபத்தொரு பலகைகளைப் புரட்டிப் பார்த்ததில் தேறியது இது ஒன்றுதான். இரண்டு துண்டும் எடுத்தால், ரம்பம் தின்னும் மூன்று மில்லிமீட்டர் போக, ஏழு மில்லிமீட்டர் மிஞ்சும். இது கெட்டால் மறுபடி மரக்கடைதான்.

எட்டரைக்கு டெம்போ வந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டினோம்.

"ஊடு கட்டறீங்களாக்கா?" என்றார் டிரைவர்.

"இல்லீங்க, ஏரோப்ளேன்."

அவர் என்னையும் பலகையையும் பார்த்தார். "அப்ப அடுத்த லோடுக்கு நம்ம வண்டி வேண்டாமுங்க."

பலகை போனது கணபதிப் பகுதியில் இருக்கும் அண்ணனின் பட்டறைக்கு. பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுக்கிறார். அந்த மர உருவை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். அண்ணனிடம் நல்ல இழைப்பு மெஷினும் ரம்பமும் இருக்கின்றன.

முதல் ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் இழைத்தோம். சாம்பல் நிறச் சொரசொரப்பு போய், வெளிர் மஞ்சளில் கோடு கோடாக உள்மரம் தெரிந்தது. பட்டறை முழுக்கப் பிசின் மணம். நான் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மசி விட்டேன். மசி நாரைப் பிடித்துக்கொண்டு ஓடும். அது எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுதான் மரத்தின் கோணல். பக்கத்தில் முப்பது சென்டிமீட்டருக்கு நேர்கோடு ஒன்று போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். சாய்வே இல்லை என்று சொல்லலாம்.

"அம்மணி, மரத்துக்கே ஸ்கேன் எடுக்கறயா?" என்றார் அண்ணன். ஆனால் அவரும் குனிந்து பார்த்தார். ஒரு ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குச் செம்பழுப்பாக ஒரு பிசின் கோடு. உத்திரத்துக்குப் பலகையின் முழு அகலமும் தேவையில்லை என்பதால் அந்த ஓரத்தைக் 'கழிவு' என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

வீட்டில் டேப் வைத்துப் போட்ட பென்சில் குறி இழைப்பில் போய்விட்டிருந்தது. டேப்பின் கொக்கி ஆடும். எனக்கு அதில் எப்போதுமே நம்பிக்கை போதாது. மேசையில் கிடந்த மீட்டர் நீள எஃகு ஸ்கேலை எடுத்தேன். மூன்று முறை முழுதாக, நான்காம் முறை 960. கத்தி முனையால் கோடு கீறினேன். அண்ணன் அறுத்தார்.

சின்னத் துண்டைத் தூக்கும்போதே ஏதோ குறைகிறது என்று பட்டது. டேப்பைப் போட்டேன். 1,188. முப்பத்திரண்டு மில்லிமீட்டர் குறை.

மறுபடி அளந்தேன். அதேதான். பெரிய துண்டை அளந்தேன்: கிட்டத்தட்ட நாலாயிரம்.

அண்ணன் ஸ்கேலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "ஏன் கண்ணு, இதுலயா அளந்த?"

அப்போதுதான் புரிந்தது. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடுகட்ட, பேட்டர்ன் செய்பவர்கள் நூற்றுக்கு ஒன்று கூடுதலாக நீட்டிய ஸ்கேலை வைத்திருப்பார்கள். அதில் ஒரு மீட்டர் என்பது நிஜத்தில் ஆயிரத்துப் பத்து மில்லிமீட்டர். என் வேலையிடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை எச்சரித்துச் சொல்வதே நான்தான்.

"இருவத்தாறு வருசம் அளவு பாத்தவ!" என்று அண்ணன் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "என்ற மேலயும் தப்புதான். அதைய ஆணியில மாட்டாம மேசையில போட்டு வெச்சுட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. பெரிய துண்டில் கழிவு என்று எழுதிய ஓரத்தின் அகலம் எழுபத்தைந்து மில்லிமீட்டர். சின்னத் துண்டுக்கு எழுபது போதும்; பிசின் இல்லாவிட்டால் அதிலிருந்தே எடுத்துவிடலாம். அந்தப் பிசின் கோடு மரத்துக்குள்ளும் ஓடுகிறதா, மேல்தோலோடு நின்றுவிடுகிறதா? நீளவாக்கில் அறுத்தால் தெரிந்துவிடும்.

"ண்ணா, அந்த ஓரத்த இப்பவே அறுத்துப் பாத்துரலாமுங்களா?"

அண்ணன் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தார். அவர் பட்டறையில் அது சட்டம்: ஒரு வெட்டு தப்பினால், அன்றைக்கு அந்த மரத்தில் ரம்பம் படக் கூடாது. "தப்பின கையி அடுத்த வெட்டையும் தப்பும். நாளைக்கு வா அம்மணி."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்ணா. பட்டறை லீவு."

"லீவுன்னா பூட்டுக்குச் சாவி வேலை செய்யாதா?"

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எழுதினேன். 'ஓரம்: கழிவு' என்ற வரியை அடித்துவிட்டு, 'ஓரம்: தெரியவில்லை' என்று எழுதினேன். பழைய வரியைவிட அதுதான் சரியான பதிவு. வீட்டுக்காரர் வெறுமையாகக் கிடந்த ஹாலைப் பார்த்துவிட்டு எனக்குத் தட்டு எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு அண்ணன் மெயின் சுவிட்சைப் போட்டதும், முதல் வேலையாக அந்த ஓரத்தை அறுத்தோம். பட்டை கழன்று விழுந்ததும் வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் திருப்பினேன். பாதி நீளம்வரை பிசின் ஆழமாகவே இறங்கியிருந்தது. அதற்கு மேல் மெலிந்து, ஓரிடத்தில் நின்றே போயிருந்தது. வேண்டியது 1,220. நின்ற இடத்திலிருந்து முனைவரை என் டேப்பில் அளந்தேன்: 1,540. அண்ணன் தன் டேப்பை எடுத்து அளந்தார். 1,540.