வளையலில் இருந்த கறுப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒரு நாளைக்கு இரண்டு கட்டடங்களைத் துடைத்தேன். காலையில் நகரின் நடுவில் ஒரு சிறிய ஓவியக்கூடம், பின்னேரம் வால்தம்ஸ்டோவில் ஒரு கணக்காளர் அலுவலகம். இடையில் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த எங்கள் அறைக்கு ஓடிப்போய்ச் சோறு வைத்துவிட்டு வரவேண்டும். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அவர் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவர் போவார். சண்டை பிடிக்கக்கூட எங்களிடம் தெம்பு இருக்கவில்லை. அந்த மாதம் அவருக்கு ஷிப்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஓவியக்கூட வேலை போனால் அறை வாடகைக்கு வழியில்லை என்ற நிலை.

அப்போதுதான் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு கண்காட்சி வந்தது. சாலிஷ் என்ற பூர்வகுடி மக்களின் இன்றைய கலைஞர்கள் செய்தவை. செதுக்கிய சிடார் மரப் பலகைகள், உருவம் பொறித்த கண்ணாடிக் கிண்ணங்கள், கம்பளி நூலில் நெய்த ஒரு பெரிய போர்வை, அச்சுப் படங்கள். வெள்ளியில் ஒரேயொரு அகலமான வளையல். கனடா என்றால் எங்கள் சனத்துக்கு டொரொண்டோவும் அங்கே போய்ச் சேர்ந்த மச்சானும்தான். அங்கே முதலே ஆட்கள் இருந்தார்கள் என்பதை நான் அதுவரை ஒரு நிமிடமும் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திறப்பு. அன்று காலையில் மேலாளர், எந்நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண், கண்ணாடிப் பெட்டிகளின் உட்பக்கத்தைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து மேசையில் அந்த வளையல் கிடந்தது. வரி வரியாகக் கறுப்பு ஏறியிருந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து நாலு பேர் பார்க்க வைக்கிற சாமானை இப்படியா அழுக்கோடு போடுவார்கள்?

கைப்பையில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் இருந்தது. எங்கள் வீடுகளில் பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தேன். வரிகளுக்குள் இருந்தது இலேசில் போகவில்லை. தீக்குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு கீறலாகக் கிண்டி எடுத்தேன். அரை மணித்தியாலம் பிடித்தது. வளையல் பளிச்சென்று வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பத்து மணிக்கு அதைச் செய்த பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கட்டையான, தோள் அகன்ற உடம்பு. வளையலை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் ஓடிவந்து பார்த்தாள். சாமான் ஏற்றி வந்த கம்பனிக்காரரின் வேலைதான் இது, இன்றே முறைப்பாடு எழுதுகிறேன் என்று குதித்தாள். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, வேண்டுமென்றே வைத்தது என்பது அவர்கள் பேசியதிலிருந்துதான் எனக்கு விளங்கியது. துடைப்பத்தோடு ஒரு மூலையில் நின்ற என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனைத் தொலைபேசிக்குப் போய்க் கணவரை எழுப்பினேன்.

"ஆரும் உம்மைக் கேட்டவையோ?" என்றார்.

"இல்லை."

"பிறகென்ன? வாயைத் திறக்காதையும். வேலை போனா இனி எங்கை தேடுறது? பேசாமல் முடிச்சுக்கொண்டு வாரும்."

"ஓம்" என்று வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது சரிதான். அப்படியே திரும்பிப் போய்த் தரையைத் துடைக்கத் தொடங்கினேன். ஆனால் வளையல் செய்தவள் அந்தக் கதிரையிலேயே இருந்தாள். விரல் நுனியால் வளையலைத் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னால் ஏலவில்லை. கிட்டப்போய், தெரிந்த இங்கிலீஷில், நான்தான் தேய்த்தேன் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதை வைத்து?"

பொட்டலத்தைக் காட்டினேன்.

"யார் தேய்க்கச் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது தன் தாயின் வளையல் என்றாள். தான் முதன்முதலாகச் செய்த வெள்ளி வேலை. அம்மா பதினாறு வருடம் கழற்றாமல் போட்டிருந்தவ, போன மாரியில் செத்துப்போனா. அதனால்தான் அது விற்பனைக்கு இல்லை. பிறகு, முட்டை கிடைக்குமா என்று கேட்டாள்.

கடைக்கு ஓடினேன். பின்னறையில் அடுப்பு இல்லை, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஓர் அடுப்புக்கு நாலு குடும்பம். கேத்தலில் முட்டை அவிப்பதில் நான் கெட்டிக்காரி. அவள் அதைச் சூட்டோடு உடைத்து, வளையலோடு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினாள். முட்டையின் காற்றுக்கு வெள்ளி கறுக்குமாம். மேலாளர் எட்டிப் பார்த்து, என்ன நாற்றம் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு போனாள்.

அன்று நான் சோறு வைக்கப் போகவில்லை. காத்திருந்த நேரத்தில் அவள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகைகளையும் கிண்ணங்களையும் காட்டினாள். ஒரு வட்டம், ஒரு பிறை, மூன்று முனையாக விரியும் ஒரு வெட்டு. மரமோ கண்ணாடியோ வெள்ளியோ, இந்த மூன்றையும் வைத்துத்தான் எல்லாம். வெட்டி எடுத்த இடம்தான் உருவத்தைக் காட்டும் என்றாள். வளையலில் அந்த இடங்கள் கறுத்திருந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். இரண்டு மாதம் அங்கே வேலை செய்தும், எதையாவது நின்று பார்த்தது அன்றுதான். கால் வலித்தது. தூக்கம் கண்ணைக் கட்டியது. என்றாலும் பார்த்தேன்.

நாலு மணியளவில் வளையல் முழுக்கக் கறுத்துவிட்டிருந்தது. அவள் கழுவி, மேற்புறத்தை மட்டும் துணியால் தேய்த்தாள். உள்ளேயிருந்து ஒரு மீன் எழும்பி வந்தது; கண், செவுள், வளைந்த வால். இன்னும் கொஞ்சம் மினுக்கலாம் என்று நான் பொட்டலத்தை நீட்டினேன்.

"வேண்டாம். நீங்கள் செய்தது போதும்" என்றாள்.

மேலாளர் வந்து வாயைப் பிளந்தாள். முதலில் பிழையாகத் துடைத்தது தான்தான், இப்போது சரிசெய்துவிட்டதால் முறைப்பாடு எழுதவேண்டாம் என்று வளையல் செய்தவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. மேலாளர் போனபிறகு, நன்றி என்று இரண்டு தரம் சொன்னேன். அவளுடைய பார்வை வளையலில் இருந்தது.

"அம்மாவுக்குக் கொடுத்த அன்று இது இப்படித்தான் இருந்தது" என்றாள்.

நான் வாளியை வைத்துவிட்டு வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். வேலை தப்பியது, சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ரயிலில் இருக்க இடம் கிடைத்தும் கண் மூட முடியவில்லை. கையில் முட்டை மணத்தது. ஒரு மனிசி பதினாறு வருடம் அதைப் போட்டுச் சமைத்து, மீன் வெட்டி, பிள்ளைகளைத் தூக்கி, படுத்தெழும்பியதற்கு அந்த வளையலின் கறுப்பில் இனி ஓர் அடையாளமும் இல்லை. அதை அழித்தது நான்.