தண்ணீர் கேனுக்கு அடியில் இருந்த கணினி

கணக்கர் ஒரு கோப்பைச் சொடுக்கிவிட்டு, அது திறப்பதற்குள் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்று முடித்துவிடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஆமை என்று பெயர்.

"திங்கட்கிழமைக்குள்ள வேகம் வரலைன்னா, கிடங்குல போய் மூட்டை எண்ணுங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார். மந்தமானது தாமல்ல, கணினிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த அப்பாவிக் கணக்கரின் தலையிலேயே விழுந்தது.

அவர் முறைப்படி ஆராய்ந்தார். வைரஸ் இல்லை, வட்டில் இடமும் தாராளம். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியதும் கோப்பு சட்டென்று திறந்தது. உடனே, மற்றக் கணினிகளோடு இணைத்து வைத்திருந்த நெட்வொர்க் டிரைவ்களின் வரிசையைப் பார்த்தார். பாதிக்கு மேல், தொடர்பு அற்றுப்போனதைக் காட்டும் சிவப்புப் பெருக்கல் குறி. ஒவ்வொரு முறையும் கணினி, என்றோ ஓய்வு பெற்றவர்களின் கணினிகளைத் தேடிப் போய்ப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறது. அவற்றில் ஒன்றின்மேல்தான் இப்போது தண்ணீர் கேன் வீற்றிருந்தது.

"இதையெல்லாம் யாருங்க இணைச்சு வச்சது?" என்றார் பக்கத்து மேசைத் தட்டச்சர் அக்கா.

"நான்தான். என்னிக்காவது தேவைப்படுமேன்னு" என்றார் கணக்கர்.

"அதுகிட்ட கேட்டா தண்ணிதாங்க வரும்" என்று அக்கா கேனுக்கு அடியில் இருந்த கணினியைக் காட்டினார்.

எதையும் தூக்கிப் போடாத கணக்கர், அந்த வரிசையை அச்செடுத்துப் பத்திரப்படுத்திய பிறகே ஒவ்வொரு இணைப்பாகத் துண்டித்தார்.

திங்களன்று மேலாளரின் கண்ணெதிரே கோப்பு பட்டென்று திறந்தது.

"சரி, இங்கயே இருங்க. அடுத்த கோப்பைத் திறங்க."

அதுவும் திறந்தது. கணக்கர் உரிக்காத ஆரஞ்சை ஏக்கத்தோடு மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.