ருக்குமணி டீச்சர் கையெழுத்துப் போடவில்லை

பாகூருக்குக் கிழக்கே, கடலுக்குப் போகும் வழியில் இருந்த உதவிபெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ருக்குமணி டீச்சருடையது. வில்லியனூரில் பிறந்து, வேலைக்காக வந்து, அந்தப் பக்கமே தங்கிவிட்டவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்றுதான் எழுபத்தாறாம் வருஷம் வரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் மீன் விற்கும் காசம்மாளின் மகள் குப்பு அவர் வகுப்புக்கு வந்தாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பிள்ளைகள் பைத்தியம் என்றார்கள். முந்தின வகுப்பில் அவளை வராந்தாவிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் நிலைக்கு ஒரு பெயர் உண்டு என்று அங்கே யாருக்கும் தெரியாது, ருக்குமணிக்கும்தான்.

ஆனால் அவர் கவனித்தார். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் குப்பு அலறுவதில்லை. அதனால் மணி அடிக்கப் போகும்போது ஜாடை காட்டும்படி பியூனிடம் கேட்டுக்கொண்டார். ஜன்னலோரத்து இடத்தை அவளுக்கென்றே விட்டார். பொங்கலுக்குள் குப்பு, சுவரைப் பார்த்தபடியே, பாடம் முழுவதையும் கடகடவென்று வாசித்தாள். வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியர் ஏகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வினை ஆண்டு விழாவில் வந்தது. நிர்வாகக் குழுத் தலைவர் சம்மந்தம் பேச எழுந்தபோது மைக் கிறீச்சிட, குப்பு போட்ட கூச்சலில் கூட்டமே கலைந்துபோனது. கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை வைத்திருந்த அவரை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லை. மறுநாள் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், இது பள்ளிக்கூடமா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா? இந்தப் பொண்ணு படிக்க லாயக்கில்லன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க. மீதிய நாங்க பாத்துக்குறோம்."

"போட மாட்டேங்க. அவ படிக்கிறா."

பிள்ளைகள் முன்னாலேயே சம்மந்தம் கத்தித் தீர்த்தார். அன்றைக்கே வகுப்பை ருக்குமணியிடமிருந்து பிடுங்கி, உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையில் உட்காரச் சொன்னார்கள். குழு உறுப்பினர்கள் போகிறபோதும் வருகிறபோதும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

செய்தி கேட்டு மீன் கூடையோடு ஓடிவந்தாள் காசம்மாள். "எம்பொண்ணால உங்களுக்கு ஏன் டீச்சர் இந்தத் தொல்ல? நான் அவள வூட்டோட வச்சிக்கினு போறேன்."

"வச்சிக்காத. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் இருக்கு. நம்ம வகுப்புப் புள்ளைங்களோட அம்மாங்களக் கூட்டிக்கினு வா."

வந்தார்கள். வராந்தா கொள்ளாமல் பெண்கள் நின்றார்கள். உள்ளே சம்மந்தம் மேசையைத் தட்டினார். "இந்தம்மாவ வேலைய வுட்டு நிறுத்துறதுக்கு யாருக்காவது ஆட்சேபண இருக்கா?"

ருக்குமணி எழுந்தார். அவருடைய குரல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "ஏகநாதன் சார், நீங்க உங்க காதால கேட்டீங்க. அந்தக் கொழந்த படிக்குதா, இல்லையா? சொல்லுங்க."

ஏகநாதன் தலைவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கீழே பார்த்தபடியே, "படிக்குது" என்றார். பிறகு நிமிர்ந்து, "நல்லாவே படிக்குது. டீச்சர நிறுத்துறதுன்னா என்னையும் சேர்த்து நிறுத்துங்க" என்றார்.

"எங்க புள்ளைங்களையும் இட்டுக்கினு போயிடுறோம்!" என்று வராந்தாவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதற்குப் பின்னால் பல குரல்கள்.

சம்மந்தம் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னமோ பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை ருக்குமணி தன் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். சத்தம் பொறுக்காத குப்பு காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இடத்தை விட்டு ஓடவில்லை.

குப்பு ஐந்தாம் வகுப்பு முடித்துப் போன பிறகு, ஒரு நாள் தவளக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்து வந்தாள். இடுப்பில் இருந்த சின்னவன் யாரையும் பார்க்காமல் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"குப்புன்னு ஒரு பொண்ணு படிச்சதாமே, அந்தப் பள்ளிக்கூடம் இதானா டீச்சர்?"

"இதேதாம்மா, உள்ள வா" என்றார் ருக்குமணி.