முன் சீட் உனக்கு

சமாதானம் வந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்துவிட்டது என்று மொன்றியல் தமிழர்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் பறந்த கோடையில், நான் ஐரோப்பாவுக்குப் போனேன். அம்மாவுக்கு அது பொறுக்கவேயில்லை.

“சனமெல்லாம் யாழ்ப்பாணத்துக்குப் போகுது. இவருக்கு ஜேர்மன்காரன்ர மதில் பாக்கவேணுமாம்,” என்று தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் நான் இருப்பது தெரிந்துதான் சொன்னார்.

மதில்தான். அதில் பொய்யில்லை. அப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். கோட்டை, கொத்தளம், அகழி என்று எதைப் பார்த்தாலும் துள்ளுவேன். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், கட்டிலுக்கு மேலே ஐரோப்பிய வீதிப்படம் ஒன்றை ஒட்டி, பாரிசிலிருந்து கிழக்கே சிவப்புக் கோடு ஒன்று கீறியிருந்தேன். வழியில் பிரான்சின் பழைய கோட்டை நகரம் புரோவான். கடைசியில் ஜேர்மனியின் ரோத்தன்பூர்க்.

அந்தக் கடைசி ஊருக்கு ஒரு காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கணிதம் படித்த டியூட்டரியில், கரும்பலகைக்குப் பக்கத்தில், ஜேர்மன் மருந்துக் கம்பனி ஒன்றின் பழைய கலண்டர் தொங்கியது. வருடம் முடிந்த பிறகும் யாரும் அதைக் கழற்றவில்லை. அதில் அந்த ஊர் இருந்தது: சிவப்புக் கூரைகள், சுற்றிவர மதில், மதிலின்மேல் கூரை போட்ட ஒரு நடைபாதை. கடைசி வாங்கில் இருந்த நானும் என் சிநேகிதன் ஒருவனும் அதைப் பார்த்துப் பார்த்தே அட்சரகணிதத்தைத் தவறவிட்டோம்.

அவன் இப்போது ஜேர்மனியில் இருந்தான். அவன் இருந்த சிறு நகரம் அந்த மதிலுக்கு ஒரு மணி நேரக் கார்ப்பயணத் தூரம்தான் என்று வீதிப்படத்தில் கண்டுபிடித்த அன்று, உடனே ஒரு தொலைபேசி அட்டையைச் சுரண்டி அழைத்தேன்.

“டேய், பாரிசில கார் எடுத்துக்கொண்டு வாறன். முன் சீட் உனக்கு. ரெண்டுபேருமாப் போய் அந்த மதிலில நடப்பம். என்ன?”

“ஓம், ஓம். வா.”

“லீவு எடுப்பியே?”

“அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை. நீ வா மச்சான்.”

மொன்றியலில் எனக்கு ஆட்களே இல்லை என்று சொல்ல முடியாது. வகுப்பில் பிரெஞ்சில் பகிடிவிட்டுச் சிரிப்பவர்கள் இருந்தார்கள். மாலையில் நான் காசாளராக நின்ற தெப்பனர் என்ற மூலைக்கடையில் போன்ஜூர் சொல்லிப் பாலும் சிகரெட்டும் வாங்குபவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கண்டு துள்ளும்போது பக்கத்தில் திரும்பி, “இஞ்ச பார்!” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அது இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, படுத்துக்கொண்டு வீதிப்படத்தில் கீறிய அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தேன்.

பாரிசில் இன்னொரு டியூட்டரிக் கூட்டாளி இருந்தான். உணவகச் சமையலறையில் வேலை. வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து, “என்னடா, கனடாச் சோறு உடம்பில ஒட்டேல்லையோ?” என்றான். புரோவானுக்கு வா, பழைய கோபுரம் ஒன்று இருக்கிறது என்று கேட்டேன்.

“மச்சான், நான் இஞ்ச இருந்து இன்னும் ஈபிள் கோபுரத்திலயே ஏறேல்லை. திங்கள்தான் லீவு. அண்டைக்கு உடுப்புத் தோய்க்கவேணும்.”

அவன் வராவிட்டாலும் செய்தி பரவிவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் காரோடு எல்லை கடக்கிறார் என்றால் அவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமில்லை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் “கனடாப் பெடியன் ஜேர்மனிக்குப் போறானாம்” என்று யாரோ சொல்ல, மறுநாள் காலை கூட்டாளியின் வீட்டு வாசலில் பொதிகள் வந்து குவிந்தன. தங்கச்சியின் சாமத்தியச் சடங்குக்குச் சேலை, அண்ணைக்கு வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், யாரோ ஒரு மாமிக்கு முருங்கைக்காய்க் கட்டு. பின் சீட் நிறைந்துவிட்டது. முருங்கைக்காயைக் கூட்டாளி முன் சீட்டில் நீட்டி வைத்தான்.

“அதில வைக்காதை. அது அவனுக்கு,” என்றேன்.

“அவனுக்கு மடி இருக்குத்தானே? மடியில வைச்சுக்கொண்டு வரட்டும்.” பிறகு சிரிப்பை நிறுத்தினான். “அவன் உன்னோட வாறன் எண்டு சொன்னவனோ?”

“ஓமெண்டவன்.”

“போனிலயோ?”

“ஓம்.”

கூட்டாளி முருங்கைக்காயை எடுத்துக் காரின் பின்பெட்டிக்குள் திணித்தான்.

புரோவானில் தனியாக இறங்கினேன். எட்டு மூலைக் கோபுரத்தைச் சுற்றி ஓடினேன். உச்சியில் நின்று “இஞ்ச பார்!” என்று வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவனார் நின்றார். மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். எதற்கு மெர்சி என்று அவருக்கும் விளங்கியிருக்காது.

ஜேர்மனியில் அவனுடைய விலாசத்தைத் தேடிப்போனால், அது வீடில்லை. அகதிகளை வைத்திருக்கும் நீண்ட கட்டடம். நடையின் முடிவில் ஒரு பொதுச் சமையலறை, அறைக்கு மூன்று கட்டில். அவன் வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்தான். தலைமயிர் முன்னால் கொஞ்சம் கொட்டியிருந்தது.

“இதுதான் என்ர அரண்மனை. அகழி மட்டும்தான் இல்லை,” என்றான்.

பொதிகளை இறக்கினோம். விலாசங்களை வாசித்தவன், “இதெல்லாம் அடுத்த மாவட்டம்,” என்றான்.

“நாளைக்குப் போற வழியில குடுப்பம்.”

“வேண்டாம். இஞ்சயே இருக்கட்டும். அவையள் பேந்து வந்து எடுப்பினம்.”

நான் அதைக் கவனிக்கவில்லை. நகர்க் கதவுகள் எத்தனை, எந்தக் கதவால் உள்ளே போனால் மதில்மேல் ஏறும் படி கிட்ட இருக்கும் என்று அவனுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவன் தலையாட்டி, “ஓம், ஓம்,” என்றான்.

காலையில் எழுந்து பார்த்தால் அவன் புட்டும் முட்டைப்பொரியலும் செய்து, இரண்டு பேருக்கும் பொதி கட்டி முடித்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. முன் சீட்டில் ஏறி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கால்களை நீட்டி, “ட்றைவர், எடு காரை,” என்றான்.

அந்த இருபது நிமிடம்போல நான் எங்கும் சந்தோஷமாக இருந்ததில்லை. சோளக்காடு, ஒரு தேவாலயம், பன்றிப்பண்ணை நாற்றம். கணித மாஸ்டர் கோபத்தில் சோக்கட்டி எறிவதை அவன் நடித்துக்காட்டினான். நான் சிரித்ததில் கார் ஒருபக்கம் இழுத்தது. அப்போது அவன், “உந்த பஸ் தரிப்பில நிப்பாட்டு,” என்றான்.

நிறுத்தினேன். வயிற்றுக்கு ஏதோ என்று நினைத்தேன்.

“ரோட்டுக்கரையில அந்த மஞ்சள் போர்ட் தெரியுதே? அதுக்கங்கால வேற மாவட்டம். எனக்கு அங்கால போக ஏலாது. விசா இல்லாத ஆக்களுக்கு இந்த மாவட்டம் மட்டும்தான்.”

“ஆரடா பாக்கப்போறாங்கள்? கார்தானே.”

“ஒருக்கா ரெயினில பிடிபட்டிட்டன். இன்னொருக்கா எண்டால் அனுப்பிப்போடுவாங்கள். இப்ப வேற, ஊரில சமாதானம் வந்திட்டுதாம், உங்களுக்கு என்ன பயம் எண்டு கேக்கினம்.” குரலில் கோபமே இல்லை. “பிடிச்சா உன்ர கனடாப் பாஸ்போட்டுக்குச் சலூட் அடிப்பாங்கள். எனக்கு?”

“பேந்து ஏனடா வாறன் எண்டு சொன்னனி?”

“நீ போனில அவ்வளவு சந்தோசமாக் கேட்டாய். இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? கொஞ்சத்தூரமெண்டாலும் உன்ர முன் சீட்டில இருந்து வருவம் எண்டு நினைச்சன்.”

நான் காரைத் திருப்பப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

“விசர்வேலை செய்யாதை. மொன்றியலில இருந்து வந்திட்டுத் திரும்பிறியோ? போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு. நான் இதில இருக்கிறன்.”

இறங்கி, சாப்பாட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, தரிப்பின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்தான். நான் போனேன்.

ஊர் கலண்டரைவிட அழகாக இருந்தது. அதுதான் கஷ்டம். மதில் நடைபாதையில், ஒருவர் பின்னால் ஒருவர் போகத்தக்க அகலத்தில் மரப்பலகைகள் கிறீச்சிட்டன. அம்பு விடும் துவாரங்கள் ஊடாக வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. எல்லோரும் இரண்டு இரண்டு பேராக வந்திருந்தார்கள். படம் எடுத்துத் தரச்சொல்லி என்னிடம் கமராவை நீட்டினார்கள், நான் எடுத்துக்கொடுத்தேன். கூரைகளைப் பார்த்து நிற்க மனம் வரவில்லை. பாதி மதிலோடு இறங்கி, காருக்கு ஓடினேன்.

அவன் அதே இடத்தில், அதே மாதிரி இருந்தான். பொதி அவிழ்க்கப்படவில்லை.

“சாப்பிடேல்லையே?”

“நீ வரட்டும் எண்டுதான். எப்பிடி இருந்தது?”

“ஒண்டுமில்லையடா. சும்மா மதில். எங்கட பள்ளிக்கூட மதில் மாதிரித்தான்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். “நீயும் போனில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய்,” என்றான்.

அதன்பிறகு காருக்குள் இருந்து, ஆறிப்போன புட்டைச் சாப்பிட்டபடி உள்ளதைச் சொன்னேன். பலகையின் சத்தம், கதவுக்கு மேலே செதுக்கிய முகம், வெளிச்சக் கோடுகள். எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றையும் அவன் கேட்கவில்லை. “மதிலில கை வைச்சனியே? குளிரோ சூடோ?” என்று கேட்டான். கை வைக்க எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு முட்டைப்பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளினான்.

மொன்றியலில் முதற்பனி விழுந்த பின்னேரம் அவன் போன் எடுத்தான். இந்தமுறை அட்டை வாங்கியவன் அவன். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை என்றான். அதை அவனே சொன்னான், நான் கேட்கவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தார். யன்னலுக்குக் கீழே, வெளிப்படிக்கட்டில் யாருடைய காலடியும் இல்லாமல் பனி படிந்துகொண்டிருந்தது.

“அங்க எப்பிடி?” என்று கேட்டான்.

ஒரு பிரச்சினையும் இல்லை என்பது நாக்கு நுனியில் நின்றது.

“தனியவே இருக்கிறாய்?”

“ஓமடா,” என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. அட்டையில் இருந்த நிமிடங்கள் முடிந்து தானாகவே அறும்வரை, இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.