‘நல்லா இருக்கேன்’ என்று சொல்ல வைத்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் நர்ஸாக இருந்தேன். மனம் நிறைவாக இருந்தால் வயதான காலத்தில் உடம்பும் நன்றாக இருக்குமா என்று ஆராய, மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தார். ஆண்டுதோறும் மாசியில் அதே ஊர்கள், அதே முதியவர்கள். அவர் நெஞ்சைச் சோதிப்பார், நான் கேள்வி கேட்பேன். வீட்டில் சண்டை போட்டுச் சேர்ந்த வேலை. எனக்கு அது உயிர்.

“எப்படி இருக்கீங்க?” என்று தமிழில் கேட்டாலும், தெலுங்கில் கேட்டாலும், எல்லையோரத்தில் கன்னடத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஏதோ இருக்கிறேன், மேலே இருப்பவன் எப்போது கூப்பிடுவானோ. டாக்டர் வெறுத்துப்போனார்.

“எல்லாருமே நொந்துபோய் இருந்தா யாரை யாரோட ஒப்பிடறது? இந்த வருஷத்தோட மூட்டை கட்டிடலாம்மா” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, இந்தக் கிழங்கள்மேல். வாய் கூசாமல் புளுகுகிறார்களே!

மறுநாள் பேரிகையில் நாங்கள் பார்க்கப் போன பெரியவர் புளியமரத்தின் மேல் நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். கீழே மருமகள் பழம் பொறுக்கினாள். சரசரவென்று இறங்கி வந்தவர், கேள்வியைக் கேட்டதும் முகத்தைத் தொங்கப்போட்டார்.

“என்னாத்தம்மா சொல்றது? இன்னிக்கோ நாளைக்கோ.”

நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம். வேறொன்றும் இல்லை. மருமகளிடம் உப்பும் மிளகாயும் கேட்டு வாங்கினேன்.

“தாத்தா, உள்ளதைச் சொல்லுங்க. சொன்ன கையோட நானே சுத்திப் போடறேன். யார் கண்ணும் படாது.”

அவர் என் கையைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். “நல்லாச் சுத்தணும்” என்றார். பிறகு பேசினார் பாருங்கள்! களி உருண்டை உருண்டையாகச் செரிக்கிறதாம். சூளகிரிச் சந்தைக்கு நடந்தே போகிறாராம். படுத்தால் தூக்கம், மருமகள் தங்கம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் கமறவே இல்லை. அத்தனை கண் கழிந்துவிட்டது என்று பெரியவருக்கு ஏகத் திருப்தி.

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவே வாய் திறந்தது. நிஜமாக நொந்தவர் யார், நிறைந்தவர் யார் என்று முதன்முதலாகத் தெரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கோட்டையைப் பிடித்த மாதிரி நடந்தேன்.

வண்டி ஏறும்போது டாக்டர் பெரியவரிடம் கேட்டார்: “அடுத்த மாசியிலயும் வரலாமா?”

“வாங்க சாமி. நான் எங்க போயிடப் போறேன்?”