‘கவனிச்சுக்குவாங்க’ என்று நான் சொன்னது

1. சாங்கிக்குப் போன முதல் நாள்

எழுபதுகளின் நடுவில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. சிங்கப்பூரின் சாங்கியில் புது ஏர்போர்ட் வரப்போகிறது, அங்கிருந்த கம்பத்து வீடுகளை, அதாவது பழைய கிராமத்து வீடுகளை, காலி செய்ய வேண்டும். அதிகாரி இங்கிலீஷில் பேசுவார். நான் அதைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும். புதுச் சட்டை, சட்டைப் பையில் பேனா, தலை நிறைய கர்வம். அந்த ஆபீஸ் என்னைவிடப் பெரிய மடையனை எடுத்திருக்காது.

முதலில் போனது மாணிக்கம் அண்ணன் கடைக்கு. ரோட்டோரத்தில் தேத்தண்ணிக் கடை, பின்னாலேயே வீடு. அவர் தேத்தண்ணி ஆற்றுவார், மனைவி செல்லம்மா அக்கா வடை சுடுவார். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஏர்போர்ட்ல எனக்கு ஒரு கடை கெடைக்குமா?”

அதிகாரி, “யூ வில் பி கன்சிடர்ட்” என்றார்.

கன்சிடர் என்றால் பரிசீலிப்பது. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது எனக்கு அன்று சரியாகத் தெரியாது. நிறுத்திக் கேட்க வெட்கம். வாயில் வந்ததைச் சொன்னேன்: “உங்களக் கவனிச்சுக்குவாங்கண்ணே.”

“கேட்டியா செல்லம், கவனிச்சுக்குவாங்களாம்!” என்று அண்ணன் உள்ளே பார்த்துக் கத்தினார். எங்கள் இருவருக்கும் பால் தூக்கலாகத் தேத்தண்ணி வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

2. ஆங் மோ கியோ கடிதம்

சில மாதம் கழித்து அண்ணனுக்குத் தூரத்தில் புதிதாகக் கட்டிய ஆங் மோ கியோ மார்க்கெட்டில் ஒரு கடை ஒதுக்கிக் கடிதம் வந்தது. அதற்குள் ஆபீசில் ஒரு சீனியரிடம் அந்த வார்த்தையின் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். நான் தப்பாகச் சொன்னதை இன்று ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் என்னைப் பேசவே விடவில்லை. “ஆங் மோ கியோல நம்மள யாருக்குத் தெரியும் லா? ஏர்போர்ட் வந்தா இந்தப் பக்கமே எங்கயோ போயிடும் தம்பி. பிளேன்ல எறங்குறவன் மொதல்ல நம்ம தேத்தண்ணியத்தான் குடிப்பான்.”

செல்லம்மா அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க தம்பி. வேணாம்னு எழுதிடலாமா?”

தப்பை ஒத்துக்கொண்டால் வேலை போய்விடுமோ என்று பயம். “உங்க இஷ்டம்க்கா” என்றேன். அண்ணன் என் பேனாவை வாங்கி, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்.

3. அதே வார்த்தை

எண்பத்தொன்றில் ஏர்போர்ட் திறந்தார்கள். கடைகளெல்லாம் டெண்டரில் பெரிய கம்பெனிகளுக்குப் போயின. சிராங்கூன் ரோட்டில் யார் கடையிலோ தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன், ஏர்போர்ட்டில் கடை கேட்டு எழுதியதற்குத் தமக்கு வந்த பதிலை என்னிடம் நீட்டினார். சத்தமாக வாசித்தேன்: “யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் கன்சிடர்ட்...”

“பார்த்தாங்களாம்ணே. குடுக்க முடியாதாம்.”

அண்ணன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “கன்சிடர்ட்டுன்னு ஏதோ வாசிச்சீங்களே. அன்னிக்கு அந்த ஆபீசர் சொன்னதும் அதே வார்த்தைதானே தம்பி?”

“இல்லண்ணே. அது வேற.”

இந்த இரண்டாவது பொய்க்கு வெட்கத்தைக்கூட நான் காரணம் சொல்ல முடியாது.

ஏர்போர்ட்டால் செழிப்பு வந்ததா என்று கேட்டால், வந்தது. என் தம்பிக்கு அங்கே டெக்னீஷியன் வேலை. அந்தச் சம்பளத்தில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே நடந்தது. ஊருக்குப் போகும் தங்கையை வழியனுப்பப் போன அன்றுதான் ஏர்போர்ட்டில் அண்ணனை மறுபடியும் பார்த்தேன். தள்ளுவண்டிகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பழைய கடை எங்கே இருந்தது என்று கேட்டேன். கண்ணாடி வழியாக ரன்வே பக்கம் கையைக் காட்டினார்.

“அந்த ஆபீசர்தான் ஏமாத்திட்டான் தம்பி” என்றார். “நீங்க பாவம், சரியாத்தான் சொன்னீங்க.”

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வார்த்தை தெரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். நானோ அன்று ஏர்போர்ட்டிலும் அதைச் சொல்லவில்லை. அண்ணன், என் தங்கையின் பெட்டிகளைத் தாமே வண்டியில் ஏற்றி, வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்.